காப்பு கட்டிய வாரத்தில் ஒரு ஃபைனல்

பந்து ஆடுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை. 1991-இல் மண்ணூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஃபவுண்ட்ரியில் கிரைண்டிங் செக்‌ஷன் ஹெல்பர் என்றுதான் என்னைச் சேர்த்திருந்தார்கள். தண்ணீர் பம்புக்கான இரும்புப் பாகங்களை வார்க்கிற கம்பெனி அது. வார்த்து எடுத்ததும் ஓரங்களில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பது கிரைண்டிங்காரர்களின் வேலை. காலையில் உள்ளே போவேன், நாலைந்து காஸ்டிங்கை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைப்பேன், சாப்பாட்டு மணி அடித்ததும் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். நான் நகர்த்தி வைத்தது தப்பான இடம் என்று யாராவது பிறகு திருப்பி நகர்த்துவார்கள். அந்தச் செக்‌ஷனில் என்னால் ஆன உபகாரம் அவ்வளவுதான்.

இப்போது மண்ணூர் ரோட்டில் கம்பெனி இல்லாத இடம் தேட வேண்டியிருக்கிறது. அப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. இருந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் ஃபுட்பால் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி ஆட்கள் மட்டும்தான் ஆடலாம் என்பது விதி. அந்த விதியை எல்லோரும் ஒரே மாதிரிதான் மதித்தார்கள். மெட்ராஸில் பந்துக்குப் பேர்போன வியாசர்பாடிக்கு ஆள் அனுப்பி ஒரு ஆட்டக்காரனைப் பிடித்து வந்து ஹெல்பர் என்று சேர்த்துக்கொள்வார்கள். எதிர் டீமிலும் அப்படி ஒருவன் இருப்பான். அவனும் நானும் கைகுலுக்கும்போது சிரித்துக்கொள்வோம்.

என்னைப் பிடித்து வந்தவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். இங்கிலாந்துக்கு ட்ரெய்னிங் போய் வந்தவர். அவருக்குப் பந்துப் பைத்தியம் அங்கே தொற்றியதா, இங்கிருந்தே எடுத்துப் போனாரா தெரியாது. பிராக்டிஸ் முடிந்து நான் வேர்த்து நிற்கும்போது வந்து நின்று கதை சொல்வார். அந்த ஊரில் ராணி ஆண்ட காலத்தில் ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுப்பது தப்பாம். அதனால் மில் முதலாளிகள் அவனுக்கு மில்லில் ஒரு வேலை என்று கொடுத்து, வேலை செய்ய விடாமல் பந்து ஆட விட்டார்களாம். கால் போன பிறகு அவன் என்ன ஆவான் என்று கேட்டேன். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சாராயக்கடை வைத்துப் பிழைத்துக்கொள்வான் என்றார். "எனக்குக் கடை எல்லாம் வாணாம் சார். கன்ஃபர்ம் பண்ணுங்க, அது போதும்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கன்ஃபர்ம் என்றால் நிரந்தர வேலை. அது எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பெண்டாட்டியும் மகளும் வியாசர்பாடியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் மண்ணூரில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்தேன். பந்து ஆடுகிறவனுக்குப் பெண் கொடுத்ததை என் மாமனார் ஒரு விபத்து மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார். "பர்மனெண்ட் ஆயிட்டு வா, ரெண்டு பேரையும் கூட்டினு போ. அதுவரைக்கும் என் பொண்ணு இங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். என் மகள் அவரை அப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். நான் போனால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. வேறு எதையும் விட அதுதான் பொறுக்கவில்லை.

இடது முட்டி வேறு இரண்டு வருஷமாகப் பேச ஆரம்பித்திருந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் படிக்கட்டு இறங்கும்போது அதன் சத்தம் எனக்குக் கேட்கும். இன்னொரு சீசன் தாங்காது என்று எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: கப் ஜெயித்தால் இந்த வருஷமே கன்ஃபர்ம், இல்லாவிட்டால் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் டீமில் ஆறு பேர் கம்பெனி இருந்த ஊர்க்காரர்கள். கம்பெனி நிற்கிற நிலம் அவர்கள் குடும்பங்களுடையது. நிலத்தைக் கொடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று பேசி வாங்கியிருந்தார்கள். அதனால் ஆறு பேரும் முதல் நாளிலிருந்தே பர்மனெண்ட். கோல்கீப்பர்தான் கேப்டன், மோல்டிங் செக்‌ஷன் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நெல் அறுப்பு இருந்தால் பிராக்டிஸுக்கு வரமாட்டார், வந்தால் யாரும் கோல் போட முடியாது. என்னை மெட்ராசு என்று கூப்பிடுவார். அவர்களுக்கு ஆட்டம் என்றால் சாயங்காலம் கொஞ்சம் சந்தோஷம். தோற்றால் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்கள். அப்படிச் சிரிக்க முடிகிறதே என்று எனக்கு அவர்கள் மேல் பொறாமை இருந்தது.

அந்த வருஷம் பந்தயத்தைக் கோடையில் வைத்திருந்தார்கள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வெகு நாள் நாலு பேர் ஒரு இடத்தில் நின்றால் போலீஸ் வந்து விசாரித்தது. மைதானத்தில் இருபத்திரண்டு பேரைக் கூட்டி விசில் ஊதுவது எப்படி? பந்தயம் தள்ளித் தள்ளிப் போய், ஃபைனல் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வந்து விழுந்தது. தேதி குறித்தவர்கள் காலண்டரில் லீவு நாளை மட்டும் பார்த்தார்கள்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஊர் அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பு கட்டினால் தீமிதி முடிகிற வரை ஊருக்கு ஒரு கட்டுப்பாடு. அந்த ஊரில் பகலில் வெளியே போகலாம், வேலை செய்யலாம், சம்பாதிக்கலாம். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் கால் வைத்துவிட வேண்டும். எல்லைக்கு வெளியே இருக்கும்போது விளக்கு வைத்துவிட்டால் குற்றம். ஆறு பேரும் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பிராக்டிஸுக்கு வந்தார்கள். ஃபைனல் நடக்கப்போகிற மைதானம் ஏரிக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊரில் இருந்தது.

"அண்ணே, ஒரு தேங்கா ஒடச்சி, சூடம் கொளுத்தி, மன்னிப்பு கேட்டுக்கலாமே?" என்றேன். எங்கள் பக்கம் பெரும்பாலான விஷயத்தை அப்படித்தான் தீர்த்துக்கொள்வோம்.

கேப்டன் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இன்னா மெட்ராசு, கோர்ட்ல ஃபைன் கட்றா மாதிரி பேசறே? மூணரைக்கு ஆட்டம். அஞ்சரைக்கெல்லாம் முடிஞ்சிடும். பொடிநடையா ஏரிக்குள்ள பூந்து வூட்டுக்கு வந்துடலாம். நீ ஏன் பேஜாராவறே?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சீஃப் கெஸ்டை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் வந்து இரண்டு டீமுக்கும் கை கொடுத்தால்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். மூன்றரைக்கு வரவேண்டியவர் நாலேகாலுக்கு வந்தார். வந்தவர் விளையாட்டு உடம்புக்கு நல்லது என்று வெகு நேரம் பேசினார். எங்களுக்கு அதற்குள் உடம்பு ஆறிப்போய்விட்டது. கோல்டு ஸ்பாட் ஒரு வாய் குடித்துவிட்டு, வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று கப்பை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ரெஃபரி ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். கையில் கயிறு, மோதிரம் எதுவும் இருக்கக்கூடாது என்று ஆரம்பித்தவர், ஆறு மஞ்சள் கயிற்றையும் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

எதிர் டீம் சேரப்பணஞ்சேரிப் பக்கத்துக் கம்பெனி. நல்ல டீம். முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள், இரண்டாம் பாதியில் நான் ஒன்று போட்டேன். தலையால் முட்டிய கோல், முட்டிக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் முட்டி மோதியும் ஒன்றும் நடக்கவில்லை. ரெஃபரி விசில் ஊதி, எக்ஸ்ட்ரா டைம் என்று கையைக் காட்டியபோது சூரியன் கரும்புக் கொல்லைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறு பேரும் கோல் போஸ்ட் பக்கம் போய்ச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை, அவரவராகத்தான் செய்தார்கள். மீதி நாங்கள் ஐந்து பேர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் கிடையாது, கப் அவர்களுக்கு.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஓடிப்போய்க் கேப்டனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உங்களுக்கு இன்னாண்ணே, நெலத்தக் குடுத்துட்டு பர்மனெண்ட்ட வாங்கினீங்க. ஜெயிச்சாலும் சோறு, தோத்தாலும் சோறு. என் பொழப்பே இந்த ஆட்டத்துலதாண்ணே கீது. என் பொண்ணு என்னயப் பார்த்தா கதவுக்குப் பின்னாடி ஒளியுது. கப்பு இல்லன்னா நான் எப்டிண்ணே அத்தக் கூட்டினு வருவேன்?"

அவ்வளவு பேர் முன்னால் அழுதுவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கேப்டன் என் கையை விலக்கவில்லை. ஏரிப்பக்கம் பார்த்தார். ஏரி சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தது. அதன் மறுகரையில் எங்கள் கம்பெனியின் புகைக்கூண்டு தெரிந்தது.

"கம்பெனி கிரவுண்டு எங்க எல்லையிலதானே கீது?" என்றார், தனக்குத்தானே, கொஞ்சம் யோசித்தபடி. பிறகு எதிர் டீம் கேப்டனிடம் நேராகப் போனார். "நைனா, காப்பு கட்டிக்கீறோம். இங்க இருக்க முடியாது. மிச்ச ஆட்டத்த எங்க கிரவுண்டுல வந்து ஆடறீங்களா? ஏரியத் தாண்டினா வந்துடும்."

அந்த மைதானத்தில் ஆட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்களே அவர்கள்தான். அதனால்தான் ஃபைனலே பொது இடத்துக்கு வந்தது. அவர்களுடைய மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கேப்டன் சொல்லிவிட்டான்: "எங்கூர்ல அடுத்த வாரம் கட்றாங்கபா. எங்களுக்குத் தெரியாதா இன்னா? வாங்க, போலாம்."

ரெஃபரியிடம் விதிப்புத்தகம் இருந்தது. கூடாது என்று அதில் எங்கும் இல்லை என்றார். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

அப்படி ஒரு ஊர்வலத்தை நான் பிறகு பார்த்ததில்லை. காய்ந்த ஏரிக்குள் இரண்டு டீமும், இரண்டு கம்பெனி ஆட்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கும்பலாக நடந்தோம். கப்பை ஒருவன் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். வெல்லம் போட்ட தண்ணீர்க் குடத்தை இரண்டு பேர் கழி கட்டித் தூக்கினார்கள். எங்கள் மேனேஜர் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, இங்கிலாந்தில்கூட இப்படி நடந்ததில்லை என்று எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். மதகுக்கு இந்தப் பக்கம் எல்லைக்கல். ஆறு பேரும் அதைத் தாண்டியதும் கோயில் பக்கமிருந்து விளக்கு வைக்கிற பம்பைச் சத்தம் கேட்டது. கேப்டன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இப்ப ஆடலாம், விடிய விடிய ஆடலாம்" என்றார்.

கம்பெனி மைதானம் என்று பேருக்குச் சொன்னோமே தவிர, அது கழிவு கொட்டிச் சமன் செய்த இடம். வார்த்து முடிந்து கருகிய மணலும், இரும்பு உருகும்போது மேலே மிதக்கிற ஸ்லாக்கும் வருஷக்கணக்காகக் கொட்டியது. ஸ்லாக் கல்லைவிடக் கடினம். பிராக்டிஸ் என்றால் எது மணல், எது கல் என்று பார்த்து ஓடுவோம். அந்த அரை வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. நான் பார்த்து ஓடவும் இல்லை. எனக்காக ஒரு ஊரே ஏரியைத் தாண்டி வந்திருக்கிறது என்ற நினைப்பில் இருந்தேன்.

பாதி நேரம் போயிருக்கும். வலது பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. மார்பில் வாங்கிக் கீழே விட்டு, இடது காலை ஊன்றித் திரும்பினேன். உடம்பு திரும்பியது. ஊன்றிய கால் மணலுக்குள் ஏதோ ஒரு ஸ்லாக் கட்டியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. முட்டிக்குள் ஈரத்துணியைக் கிழித்த மாதிரி சத்தம். விழுகிறபோதே வலது காலால் பந்தைத் தள்ளிவிட்டேன். எங்கே போகிறது என்று தெரிந்து தள்ளவில்லை. கோர் ஷாப்பில் வேலை செய்கிற ஊர்க்காரன் ஒருவன் அங்கே நின்றிருந்தான். பந்து அவன் காலில் பட்டு உள்ளே போய்விட்டது. அவன் வாழ்க்கையில் போட்ட ஒரே கோல் அது.

எல்லோரும் அவன் மேல் விழுந்து குதித்தார்கள். நான் விழுந்த இடத்திலேயே மல்லாந்து கிடந்தேன். வலி இன்னும் வந்து சேரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மகளை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். பிறகு நானாகவே கோல் போஸ்ட்டைப் பிடித்து எழுந்து, மீதி நேரத்தை நின்றே ஓட்டினேன். கப் எங்களுக்கு. எதிர் டீம் கேப்டன் கோயில் கூழ் குடித்துவிட்டுத்தான் போனான்.

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. அதே வாரத்தில் கூப்பிட்டு, "ஹெட் ஆபீஸுக்கு எழுதிட்டேன். மெடிக்கல் ஒண்ணு இருக்கு. அதுல பாஸ்னா நீ பர்மனெண்ட்" என்றார். மெடிக்கலில் ஃபெயில் ஆனால் யாருக்கும் கிடையாது, அதில் அவர் கை வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். முந்தின வருஷம் குடலிறக்கம் என்று ஒருவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "உனக்கென்னய்யா, ஆட்டக்காரன். உடம்பு இரும்பு மாதிரி" என்று முதுகில் தட்டினார்.

மெடிக்கல் நாள் வருவதற்குள், மேனேஜருக்குத் தெரியாமல், புத்தூர்க் கட்டு போட்டு அவிழ்த்தாகிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பழகினேன். நொண்டாமல் நடக்க வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடக்கூட வந்தது. வியாசர்பாடிக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். என் பெண்டாட்டி பாத்திரங்களைத் தேய்த்துச் சாக்கில் கட்டி வைத்துவிட்டாளாம். மாமனாரும் தடுக்கவில்லையாம்.

தீமிதி முடிந்து கயிற்றை அவிழ்த்த கையோடு கேப்டனும் இன்னும் இரண்டு பேரும் மெடிக்கலுக்கு என்னோடு வந்தார்கள். கம்பெனி டாக்டர் வாரம் ஒருநாள் வந்து உட்காருகிற அறை டைம் ஆபீஸுக்குப் பக்கத்தில். அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசினார். எடை பார்த்தார், மார்பை விரிக்கச் சொல்லி அளந்தார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். வாசலிலிருந்து ஜன்னல் வரை நடக்கச் சொன்னார். நடந்தேன். "கப் ஜெயிச்ச ஆள் நீங்கதானாமே" என்று சிரித்தார். எல்லாம் முடிந்தது என்று சட்டையை எடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. குந்தி உட்கார்ந்து எழுந்திரிங்க" என்றார். "ஃபவுண்ட்ரில பாதி வேலை குந்தினமேனிக்குத்தானே. கையை எங்கயும் ஊனக்கூடாது."

நடையைத்தான் பழகியிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. வலது காலில் பாரத்தை வைத்து மெல்லக் கீழே போனேன். உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. வெளியே கேப்டன் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள்.

"ம், எழுந்திரிங்க."

"எழுந்துக்கறேன் சார்" என்றேன். வலது தொடையை இறுக்கிப் பார்த்தேன். இடது முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. தரையில் கையை வைத்தேன். அவர் சொன்னது ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டேன். திரும்பவும் வைத்தேன், எடுத்தேன். நெற்றியிலிருந்து வேர்வை அவர் செருப்பின் மேல் சொட்டியது. அவர் காலை நகர்த்தவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நல்ல மனுஷர். நான் எவ்வளவு நேரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

கடைசியில் நானே கையை நீட்டினேன். "தூக்கி வுடுங்க சார்" என்றேன்.